களைக்கொல்லியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், செடிக்குள் அது என்ன செய்கிறது?

பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களை ஒவ்வொன்றாகச் செடிகள் மேல் தெளித்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மீசோட்ரையோன் வந்த கதை வேறு. 1977-ல் கலிஃபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி, பாட்டில் பிரஷ் செடிக்கு அடியில் மட்டும் களை அவ்வளவாக முளைக்காததைக் கவனித்தார். ஆராய்ந்தால் லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் கிடைத்தது. வீரியம் குறைவு, அதனால் அதே சாயலில் வேறு மூலக்கூறுகளைச் செய்து செய்து பார்த்து, 2001-ல்தான் மீசோட்ரையோன் சந்தைக்கு வந்தது.

சரி, மீசோட்ரையோன் பட்டால் செடிக்கு என்ன ஆகிறது? எச்.பி.பி.டி என்ற நொதி முடங்குகிறது, அதனால் கரோட்டினாய்டு நிறமிகள் உருவாகத் தேவையான பிளாஸ்டோகுவினோன் என்ற பொருள் குறைந்து, அந்த நிறமிகள் உருவாவதும் நின்றுபோகிறது. கடும் வெயிலிலிருந்து பச்சையத்தைக் காப்பதே அந்த நிறமிகள்தான், அவை இல்லாததால் பச்சையம் சிதைந்து தளிரெல்லாம் வெள்ளையாக வெளுத்துச் செடி சாகிறது. மக்காச்சோளம் மருந்தை வேகமாக உடைத்துவிடுவதால் தப்பிக்கிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை: டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைப்பதில் பங்குள்ள இந்த நொதிதான் முடங்குகிறது என்ற துப்பு கிடைத்ததே, எலிகளின் உடலில் டைரோசின் ஏறியதை வைத்துத்தான். மீசோட்ரையோனின் அதே வேதிக் குடும்பத்து நிட்டிசினோன் இன்று டைரோசினீமியா என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு மருந்து!