டெக்சாஸும் கட்சி விசுவாசமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். அண்மையில்தான் குடியுரிமை கிடைத்தது. 2018ல் பெட்டோ ஓ’ரூர்க் ஜனநாயகக் கட்சி சார்பில் செனட்டுக்கு நின்றபோது எங்கள் தெருவில் பாதி வீட்டுப் புல்வெளியில் அவர் பெயர்ப்பலகை நின்றது. வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள், இன்னும் இரண்டு தேர்தலில் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போய்விடும் என்று அலுவலகத்தில் பந்தயமே கட்டினார்கள். 2024ல் நடந்தது நேர்மாறு. மெக்சிகோ எல்லையை ஒட்டிய, ஏறக்குறைய எல்லாருமே மெக்சிகோ வம்சாவளியினரான ஊர்கள் ட்ரம்புக்குப் போட்டிருக்கின்றன. என்னோடு வேலை செய்யும் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். “எங்கள் வீட்டில் முதல்முறையாகக் குடியரசுக் கட்சிக்குப் போட்டோம்” என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார். குடியேறிகளின் பிள்ளைகள் குடியேறிகளை எதிர்க்கும் கட்சிக்கு எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்? இது ட்ரம்ப் என்கிற ஆளுக்கு விழுந்த ஓட்டா, நிலையான மாற்றமா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. ப்ரைமரியில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) நான் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்குவது?

எஸ்.
ஃபிரிஸ்கோ

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் அதைச் சர்வசாதாரணமாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப்பட்ட இடம் அதுதான். பெரிய மனமாற்றம் நடந்தவர்கள் அந்தத் தொனியில் பேசமாட்டார்கள். அந்த ஊர்களில் மனம் அதிகம் மாறவில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் முன்பும் பழமைவாதிகள்தான். சர்ச்சுக்குப் போகிறவர்கள், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், கருக்கலைப்பை ஏற்காதவர்கள். இத்தனையும் இருந்துகொண்டே ஜனநாயகக் கட்சிக்குப் போட்டார்கள். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் டெக்சாஸ் முழுவதும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது.

1876 முதல் 1948 வரை நடந்த அதிபர் தேர்தல்களில் 1928 ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்த 1928லும் காரணம் கொள்கை அல்ல. கட்சி நிறுத்திய ஆல் ஸ்மித் ஒரு கத்தோலிக்கர், மதுவிலக்கை எதிர்ப்பவர், போதாக்குறைக்கு நியூயார்க்காரர். அதன்பின் நடந்த மாற்றத்தைப் பாருங்கள். 1952ல் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவருக்குப் போட்டார்கள். 1961ல் லிண்டன் ஜான்சன் துணை அதிபராகப் போனதால் காலியான அவருடைய செனட் இடத்தையே ஜான் டவர் குடியரசுக் கட்சிக்காக வென்றார். ஆளுநர் பதவி 1978ல் பில் கிளெமென்ட்ஸ் மூலம் போனது. மாநில சட்டமன்றத்தின் கீழவை 2002 தேர்தலில்தான் கைமாறியது. அதிபர் தேர்தலில் மாறத் தொடங்கி, உள்ளூர் பிரதிநிதி வரை வந்துசேர ஐம்பது ஆண்டுகள். அந்த ஐம்பது ஆண்டுகளும் பல குடும்பங்கள் மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் போட்டுக்கொண்டிருந்தன.

தலைவர்களும் அதே பாதையில் போனவர்கள்தான். பிற்காலத்தில் குடியரசுக் கட்சியின் ஆளுநராகப் பதினான்கு ஆண்டுகள் இருந்த ரிக் பெர்ரி, 1989 வரை ஜனநாயகக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபில் கிராம். பொருளாதாரப் பேராசிரியர், ஜனநாயகக் கட்சி எம்.பி. குடியரசுக் கட்சி அதிபர் ரீகனின் பட்ஜெட்டுக்குத் துணைபோனார் என்று 1983 ஜனவரியில் அவரைக் கட்சி பட்ஜெட் குழுவிலிருந்து நீக்கியது. உடனே எம்.பி. பதவியை ராஜினாமா செய்தார். அதனால் வந்த இடைத்தேர்தலில் அதே தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று பிப்ரவரியில் ஜெயித்துவிட்டார். சட்டப்படி அப்படிச் செய்யவேண்டிய கட்டாயமே இல்லை. கட்சி தாவியவர்களில் இந்த அளவு நாணயத்தை நம் ஊரில் அபூர்வமாகத்தான் பார்க்கமுடியும்.

வெள்ளையர்கள் அதிகமுள்ள கிராமப்புறம் இப்படி நகர்ந்துகொண்டிருந்தபோது தெற்கு டெக்சாஸ் மட்டும் ஏன் அசையவில்லை? அங்கே கட்சி என்பது கொள்கை அல்ல, பிழைப்பு. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் வேலை, ரோடு போடும் கான்ட்ராக்ட், கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் தயவு எல்லாம் ஜனநாயகக் கட்சியின் ப்ரைமரியில் முடிவாகிவிடும். நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. டுவால் கவுண்டியில் ஜார்ஜ் பார் என்பவர் பல ஆண்டுகள் குறுநில மன்னர்போல இருந்தார். ‘டியூக்’ என்றே அவரை அழைத்தார்கள். 1948ல் லிண்டன் ஜான்சன் செனட் ப்ரைமரியை 87 ஓட்டில் வென்றது அவர் புண்ணியத்தில்தான். பக்கத்து ஜிம் வெல்ஸ் கவுண்டியில் ஆலிஸ் என்ற ஊரின் 13ஆம் எண் பெட்டியில், தேர்தல் முடிந்து ஆறு நாள் கழித்து இருநூறு ஓட்டு கூடுதலாகக் கிடைத்தது. வந்து ஓட்டுப் போட்டதாகக் காட்டப்பட்டவர்கள் எல்லாரும் அகரவரிசையில் வரிசையாக வந்திருந்தார்கள்! அதே ஜிம் வெல்ஸ் கவுண்டி 2020ல் ட்ரம்ப் பக்கம் போனது. பெட்டியில் நடந்த தில்லுமுல்லு போய்விட்டாலும் அந்த அரசியலின் பழக்கங்கள் போகவில்லை. எல்லைப்புற ஊர்களில் ‘பொலிட்டிகேரா’ என்று ஒரு தொழிலே உண்டு. பெரும்பாலும் பெண்கள். வேட்பாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு தெருவிலுள்ள வயதானவர்களைக் காரில் ஏற்றிப் போய் ஓட்டுப் போடவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ‘பச்சாங்கா’ என்ற பெயரில் மாட்டிறைச்சியும் பீரும் ஓடும் விருந்துதான் பிரச்சாரக் கூட்டம். உங்கள் நண்பரைக் கேட்டுப்பாருங்கள், சிரித்துக்கொண்டே கதை கதையாகச் சொல்வார்.

ஷெரிஃபுக்காகவும் கவுண்டி ஜட்ஜுக்காகவும் (நீதிபதி அல்ல, அங்கே கவுண்டி நிர்வாகத்தின் தலைவர்தான் ஜட்ஜ்) வாக்குச்சாவடிக்குப் போகிறவர், போன கையோடு அதிபருக்கும் அதே கட்சியில் போட்டுவிட்டு வந்தார். அதற்கு வசதியாக வாக்குச்சீட்டின் உச்சியில் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு குறி போட்டால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஓட்டு விழுந்துவிடும். 2017ல் சட்டம் போட்டு 2020 தேர்தலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு பதவியாகப் பார்த்துப் பார்த்துக் குறிக்கவேண்டும். மாற்றத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிபர் பெயருக்கு நேரே பேனாவோடு நின்று யோசிக்கவேண்டிய நிலை அந்த ஆண்டுதான் வந்தது.

யோசித்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? 2020 அக்டோபர் விவாதத்தில் எண்ணெய்த் தொழிலிலிருந்து நாடு படிப்படியாக விலகவேண்டும் என்றார் பைடன். ஈகிள் ஃபோர்ட் எண்ணெய் வயலிலும் மேற்கே மிட்லாண்ட் பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கல்லூரிப் படிப்பு இல்லாமல் நல்ல சம்பளம் தரும் இன்னொரு வேலை எல்லைக் காவல் படை. அதில் ஏறக்குறைய பாதிப்பேர் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். உங்கள் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. இவர்களைக் குடியேறிகளின் பிள்ளைகள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பல குடும்பங்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசர் பெயரால் ரியோ கிராண்டே கரையிலிருந்து பட்டை பட்டையாக அளந்து கொடுத்த நிலங்களின் வாரிசுகள். போரில் தோற்ற மெக்சிகோ அமெரிக்காவோடு செய்துகொண்ட 1848 ஒப்பந்தத்துக்குப் பிறகு எல்லைக்கோடுதான் இவர்களைத் தாண்டிப் போனது. நேற்று ஆற்றைக் கடந்து வந்தவரைப் பார்க்கும்போது, இவரும் நம்மவர் என்று இவர்களுக்குத் தோன்றவேண்டும் என்பது தூரத்திலிருக்கும் நம்முடைய எதிர்பார்ப்பு. 2022, 2023ல் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தபோது நெருக்கடியை முதலில் பார்த்தவை இவர்களுடைய ஊர்கள்தான். மளிகை விலை ஏறியதும் அதே சமயத்தில்.

எல்லையோரத்து ஸ்டார் கவுண்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2016ல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி அங்கே அறுபது சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2020ல் பைடனுக்கு ஐந்து புள்ளிதான். 2024ல் ட்ரம்ப் பதினாறு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. எட்டே ஆண்டில் இவ்வளவு தூரம் நகர்ந்தது என்றால், விசுவாசம் என்று நாம் நினைத்தது எப்போதோ உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கிறது.

நிலையானதா என்று கேட்டிருந்தீர்கள். அதே 2024ல் அதே பகுதியில் ஹென்றி குவேலர், விசென்டே கொன்சாலஸ் என்ற இரண்டு ஜனநாயகக் கட்சி எம்.பி.க்கள், ட்ரம்ப் முன்னிலை பெற்ற தொகுதிகளிலேயே மறுபடி வென்றார்கள். குவேலர் கருக்கலைப்பு உரிமையை எதிர்ப்பவர், எண்ணெய்த் தொழிலுக்கு வேண்டியவர். அவர் கட்சியின் முற்போக்குப் பிரிவினருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஊர்க்காரர்களுக்கு அவர் நம்ம ஆள். ஆக, பழைய டெக்சாஸில் நடந்ததுபோலவே மாற்றம் மேலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. அது ஷெரிஃப் வரை இறங்குமா என்பது இனிமேல்தான் தெரியும். குடியரசுக் கட்சி மட்டும் இறங்கிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டது. 2025 ஆகஸ்டில், பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்காமல், ஐந்து இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று தொகுதி வரைபடத்தையே மாற்றி வரைந்தார்கள். அந்தக் கணக்கில் எல்லைப்புற லத்தீனோ ஓட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எட்டு ஆண்டில் இந்தப் பக்கம் வந்த ஓட்டு, விலைவாசி இறங்காவிட்டாலோ கைது நடவடிக்கைகள் சொந்த அத்தை வீட்டு வாசல் வரை வந்துவிட்டாலோ, நான்கே ஆண்டில் திரும்பிப் போகும்.

உங்கள் பகுதிக்கு வருகிறேன். காலின் கவுண்டியில் 2012ல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ராம்னிக்குக் கிட்டத்தட்ட 65 விழுக்காடு. 2020ல் ட்ரம்புக்கு 51, 2024ல் 54. உங்கள் தெருவில் பார்த்த பலகைகள் பொய் சொல்லவில்லை, ஆனால் பந்தயம் கட்டியவர்கள் பார்க்காத ஒன்று உண்டு. 2018ல் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், டெக்சாஸிலேயே பிறந்தவர்களில் பெட்டோவுக்குச் சற்று முன்னிலை. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் டெட் க்ரூஸுக்கு அதிகம் போட்டிருந்தார்கள். வரி குறைவு என்று கலிபோர்னியாவை விட்டு வருகிறவர் கலிபோர்னியாவின் அரசியலையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நம்மவர்கள் நிறைந்த ஷுகர்லேண்ட் இருக்கும் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியிலும் இதே இழுபறி. 1964க்குப் பிறகு முதல்முறையாக 2016ல் ஜனநாயகக் கட்சிக்குப் போட்டது. 2024ல் கமலா ஹாரிஸ் மயிரிழையில்தான் அங்கே தப்பித்தார். அங்கே 2018ல் ஜனநாயகக் கட்சி சார்பில் ஜட்ஜாக வென்ற கேரளத்துக்காரர் கே.பி. ஜார்ஜ், தன்மீது வழக்குகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 2025 ஜூனில் குடியரசுக் கட்சிக்கு மாறினார். இது எந்த வகை மாற்றம் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சரி, ப்ரைமரி. டெக்சாஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சி எது என்று கேட்கமாட்டார்கள். மார்ச் மாதம் வாக்குச்சாவடியில்தான் எந்தக் கட்சியின் சீட்டு என்று கேட்பார்கள். குடியரசுக் கட்சியில் ஒரு சாரார் இந்த முறையை ஒழித்து, கட்சிக்காரர்கள் மட்டுமே போடும்படி மாற்றவேண்டும் என்கிறார்கள். அது நடக்கும்வரை உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறது. உங்கள் கவுண்டியின் கமிஷனர், ஷெரிஃப், சட்டமன்ற உறுப்பினர் பலரும் குடியரசுக் கட்சி ப்ரைமரியிலேயே முடிவாகிவிடுகிறார்கள். சொத்துவரியும் ரோடும் தண்ணீரும்தான் உங்கள் கவலை என்றால், நவம்பரில் யாருக்குப் போடுவதாக இருந்தாலும் மார்ச்சில் அந்தச் சீட்டை வாங்குவதுதான் விவரமான காரியம். மனம் ஒப்பவில்லை என்றால் மற்றதை வாங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எதை வாங்கினீர்கள் என்பது பதிவாகும், எந்த வேட்பாளருக்குப் போட்டீர்கள் என்பது பதிவாகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மார்ச்சில் ஒரு கட்சியின் சீட்டை வாங்கிவிட்டால் மே மாத ரன்ஆஃபில் (யாருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால் நடக்கும் இரண்டாம் சுற்று) மற்ற கட்சிக்குப் போகமுடியாது. தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே பெயரைப் பதிந்திருக்கவும் வேண்டும். குடியுரிமை கிடைத்த கையோடு பதிந்துவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லையே?