அப்பாவுக்குக் கைகொடுத்த கஞ்சா எண்ணெய் அக்காவுக்கு ஏன் உதவவில்லை?

கேள்வி: நுரையீரல் புற்றுநோயால் அவதிப்பட்ட அப்பாவுக்கு, மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சா எண்ணெயால் தூக்கமும் பசியும் வந்தன. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் அக்கா, பாட்டிலில் மீதமிருந்ததை அதே அளவில் குடித்தார். வலி குறையவில்லை, தலைசுற்றலும் படபடப்பும்தான் மிச்சம். இது ஆண்களுக்கு மட்டும்தான் பலிக்குமா?

பதில்: பெண்களுக்கும் பலிக்கும். ஆனால் அப்பாவின் அளவு அக்காவின் அளவாக முடியாது. ஒருவருக்கு எழுதிய மருந்தை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பது எந்த மருந்திலும் தவறு. இதில் இரட்டிப்புத் தவறு.

கஞ்சாவில் போதையும் நிவாரணமும் பெரும்பாலும் டிஎச்சி என்ற பொருளால் வருபவை. வாய்வழியாக எடுக்கும்போது கல்லீரல் அதை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றுகிறது. ஒரே அளவு கொடுத்தாலும் இந்தப் பொருள் பெண்களின் ரத்தத்தில் கூடுதலாகச் சேர்வதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓர் ஆய்வில் 5 மில்லிகிராம் டிஎச்சி விழுங்கியபோது பெண்களே அதன் விளைவை அதிகம் உணர்ந்தனர்; 15 மில்லிகிராமில் ஆண்கள் அதிகம் உணர்ந்தனர். அக்காவுக்கு முதல் நாளே தலை சுற்றியதில் வியப்பில்லை.

வலியின் கதை வேறு. 2016இல் வெளியான ஆய்வொன்றில், கஞ்சா புகைத்தவர்களைப் பனிக்குளிர் நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். ஆண்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது, பெண்களுக்கு அந்த அளவு குறையவில்லை. போதை உணர்வோ இரு பாலருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர், வழக்கமாகக் கஞ்சா புகைப்பவர்கள். அந்த முடிவை அப்படியே உங்கள் அக்காவின் வலிக்குப் பொருத்த நான் தயாரில்லை.

தயங்குவதற்கு ஒரு காரணம் ஹார்மோன். பெண் எலிகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடும்போது டிஎச்சியின் விளைவும் மாறுகிறது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையோ பலருக்கு அந்த ஈஸ்ட்ரோஜனையே அடக்குகிறது; கீமோவாலேயே மாதவிடாய் நின்றுவிடுவதும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோயில் ஆண்களுக்கும் ஹார்மோனைக் குறைக்கிறார்கள். ஆகவே, ஆணா பெண்ணா என்பதோடு இப்போது என்ன சிகிச்சை நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

‘பெண்களுக்கு அதிக நிவாரணம்’ என்று செய்தி படித்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: தொடக்கத்தில் அவர்களின் வலி மதிப்பெண் என்ன? பத்துக்கு எட்டில் தொடங்குபவர் ஐந்துக்கு இறங்கலாம். இரண்டில் தொடங்குபவருக்கு அவ்வளவு இறங்க இடமே இல்லை.

கஞ்சாச் சேர்மங்களுக்கு உறுதியான ஆதாரம் இருப்பது கீமோ குமட்டலுக்குத்தான். டிரோனாபினால், நாபிலோன் என்ற இரண்டு மாத்திரைகளுக்கு அமெரிக்கா 1985இலேயே அனுமதி தந்தது. அதுவும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகள் போதாதபோதுதான். கீமோவில் ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் 50 வயதுக்குட்பட்டவர்களுக்கு, குமட்டல் ஆபத்து அதிகம். உங்கள் அக்கா பயன்பெறக்கூடிய இடம் வலியைவிட அதுவாக இருக்கலாம். புற்றுநோயையே கஞ்சா குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருத்துவர் சம்மதித்தால், சட்டமும் இடம் கொடுத்தால், அக்காவுக்கென்று தனியாக எழுதி வாங்குங்கள். துளிக் கணக்கை நம்பாமல் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் டிஎச்சி என்று பாட்டிலில் பாருங்கள். பொதுவாக 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக, இரவில் தொடங்குவார்கள். குடித்தது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். அரை மணி நேரம் பொறுத்துவிட்டு, ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இன்னொரு முறை குடிப்பதால் பலருக்குப் படபடப்பு வருகிறது.

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான டாமொக்சிஃபெனை அக்கா எடுக்கப்போகிறார் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எண்ணெயில் இருக்கக்கூடிய சிபிடி என்ற இன்னொரு கஞ்சாச் சேர்மம், அந்த மாத்திரையை உடலுக்குள் செயல்படும் வடிவமாக மாற்றும் நொதிகளைத் தடுக்கக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை (இம்யூனோதெரபி) பெறுபவர்களுக்கும் எச்சரிக்கை தேவை.

நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் கஞ்சாவே வாந்தியைக் கிளப்புவதும் உண்டு. கீமோ முடிந்து பல வாரங்களான பிறகும் வாந்தி நிற்காமல், வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிகிறது என்றால், அளவைக் கூட்டாமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.