மராக்கேஷில் கம்பளம் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: அடுத்த மாதம் மொராக்கோ போகிறோம். மராக்கேஷ் கடைவீதியில் கையால் நெய்த கம்பளம் ஒன்று வாங்க ஆசை. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டால் போதும் என்கிறார்கள், சரியா?

பதில்: அந்தப் பாதிக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். நான்கு மடங்கு சொல்பவரிடம் பாதிக்கு வாங்கினாலும் நஷ்டம்தான். நியாயமாகச் சொல்பவரிடம் பாதிக்குக் கேட்டால் அவர் மனம் நோகும். பொருளின் மதிப்பு தெரிந்தால்தான் பேரமே பேச முடியும்.

அதனால் முதல் நாள் எதையும் வாங்க வேண்டாம். ஐந்தாம் முகமது சாலையில் அரசின் கைவினை வளாகம் இருக்கிறது. 'ஆன்சாம்ப்ள் ஆர்ட்டிசனால்' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அங்கே பேரத்துக்கு அதிகம் இடமில்லை. கம்பளத்தின் அளவையும் விலையையும் குறித்துக்கொண்டு, அப்புறம் கடைவீதிக்குள் போங்கள்.

கம்பளத்தை முதலில் திருப்பிப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டதென்றால் பின்புறத்திலும் கோலம் தெரியும், முடிச்சுகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக்கூடாது. கம்பளியா என்று சந்தேகம் வந்தால் மேல்பரப்பிலிருந்து ஓர் இழை எடுத்துக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். கம்பளி முடி கருகும் வாசனை தரும். காகிதம் எரியும் வாசனை வந்தால் அது பருத்தியோ, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையோதான். 'சப்ரா', அதாவது கள்ளிப்பட்டு, என்று விற்பதில் பெரும்பகுதி இந்த விஸ்கோஸ்தான். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பட்டு விலை கொடுக்காதீர்கள். அட்லஸ் மலைப் பகுதியின் பெனி வராய்ன் கம்பளம் சாயமிடாத வெளிர்நிறக் கம்பளியில் கறுப்புக் கோடுகளுடன் வரும். என்னைக் கேட்டால் காசு கொடுக்கத் தகுந்தது அதுதான்.

சரி, பேரம். அங்கே பேசும் அரபியில் 'ப்ஷ்ஹால்?' என்றால் எவ்வளவு. 'காலி ப்ஸாஃப்' என்றால் ரொம்ப விலை. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். உங்கள் உச்சவிலையை மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, அதற்குக் கீழிருந்து தொடங்குங்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன தொகைக்கு அவர் ஒத்துக்கொண்டபின் பின்வாங்குவது அங்கே மரியாதைக் குறைவு. புதினாத் தேநீர் தந்தால் குடியுங்கள், அதற்காக வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. வழிகாட்டி கூட்டிப்போகும் கடையில் அவருடைய கமிஷனும் பெரும்பாலும் விலையில் சேர்ந்திருக்கும். அதனால் தனியாகப் போங்கள்.

பெரிய கம்பளத்தைக் கடைக்காரரே அனுப்பிவைப்பதாகச் சொன்னால், பின்புற மூலையில் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதென்றால் இறுக்கமாகச் சுருட்டிக் கட்டித் தரச்சொல்லிக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.