ஒரு புரதத்தை நம்பி முனைவர் பட்டமா?

நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களில் உள்ள இன்டெக்ரின் புரதங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய உங்கள் மகள் விரும்புகிறார் என்றும், இத்தனை குறுகிய தலைப்பில் ஐந்தாறு ஆண்டுகளைச் செலவிட்டால் பிறகு யார் வேலை தருவார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதே. ஆனால் ஒரு தலைப்பு குறுகியதா என்பதை அதன் பெயரைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

செல்கள் தம் சூழலையும் ஒன்றையொன்றும் பற்றிக்கொள்ள உதவும் சவ்வுப் புரதங்களே இன்டெக்ரின்கள். மனித உடலில் இவை 24 வகைப்படும். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் முன்னோடிச் செல்கள் தைமஸ் சுரப்பியை அடைந்து, அதனுள் இடம்பெயர்ந்து டி செல்களாக முதிர்வதில் இவற்றுக்குப் பங்குண்டு. முதிர்ந்த டி செல் இரத்தத்தில் சுற்றும்போது அதன் இன்டெக்ரின்கள் பெரும்பாலும் மடங்கிய, பிடிப்புக் குறைந்த நிலையிலேயே இருக்கும். தொற்று குறித்த சைகை கிடைத்ததும் டாலின், கின்ட்லின்-3 ஆகிய புரதங்கள் செல்லின் உட்புறத்திலிருந்து செயல்பட்டு அவற்றை நிமிரச் செய்ய, செல் இரத்தக்குழாய்ச் சுவரை இறுகப் பிடித்துத் திசுவுக்குள் நுழைகிறது. வெள்ளணு இன்டெக்ரின்களின் ஒரு பாகமான பீட்டா-2 சங்கிலிக்கான மரபணு பழுதுபட்ட குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் தொற்றுள்ள இடத்தைச் சென்றடைய முடியாமல், கடுமையான தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

வேலைவாய்ப்பு பற்றிய விடை இதன் மருந்து வரலாற்றில் இருக்கிறது. ஆல்பா-4 இன்டெக்ரினைத் தடுக்கும் நாட்டலிசுமாப், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிலருக்கு ஜேசி வைரஸால் ஆபத்தான மூளைத் தொற்று ஏற்பட்டதால் 2005இல் விற்பனை நிறுத்தப்பட்டு, கடும் கண்காணிப்பு விதிகளுடன் 2006இல் மீண்டும் வந்தது. மற்றோர் இன்டெக்ரினைத் தடுத்த, சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கான எஃபாலிசுமாப் அதே மூளைத் தொற்றின் காரணமாக 2009இல் ஒரேயடியாக விலக்கப்பட்டது. குடலுக்குச் செல்லும் டி செல்களின் இன்டெக்ரினை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப் 2014இல் ஒப்புதல் பெற்று, குடல் அழற்சி நோய்களுக்கு இன்றும் பயன்படுகிறது. எந்தச் செல்லை எந்த உறுப்பில் தடுத்தால் பாதுகாப்பானது என்று சிந்திக்கத் தெரிந்தவர்களை இம்மருந்துகளைப் போன்ற ஆன்டிபாடிகளின் (எதிர்ப்புரதங்களின்) வடிவமைப்பு, மருத்துவப் பரிசோதனை, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகிய மூன்று துறைகளுமே தேடுகின்றன. ஆகவே, தலைப்பு குறுகியது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இன்டெக்ரின் கண்டுபிடிப்புகளுக்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாதி, டிமோதி ஸ்பிரிங்கர் ஆகியோருக்கு 2022இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது உண்மைதான். ஆயினும் விருதைப் பார்த்துத் துறையைத் தேர்வுசெய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஆய்வகத்தைப் பற்றியே. ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் செலுத்தி அளவிடும் முறை), உயிருள்ள செல்களை நுண்ணோக்கியில் படமெடுத்து அளவிடுதல், புள்ளியியலுடன் கூடிய கணினி நிரலாக்கம் ஆகியவற்றை அங்கே தம் கையாலேயே செய்து பழக முடியுமா என்று உங்கள் மகள் விசாரிக்கட்டும். இந்தத் திறன்கள் இருந்தால் நாளை புற்றுநோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்கோ தடுப்பூசி ஆய்வுக்கோ மாறுவது கடினமல்ல; அவை இல்லாமல் பட்டம் மட்டும் பெற்றால் உங்கள் அச்சம் உண்மையாகிவிடும். தைமஸ் ஆய்வில் பெரும்பகுதி எலிகளைக் கொண்டே நடப்பதால், அந்தப் பணி அவருடைய மனதுக்கு ஒத்துவருமா என்பதையும் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் பலர் சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

பேராசிரியர் பதவி ஒன்றே இலக்கு என்றால், அவ்விடங்கள் எந்த நாட்டிலும் குறைவு என்பதை இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். உதவித்தொகை உறுதியாகாத இடத்தில் சேர வேண்டாம். அந்த ஆய்வகத்தில் அண்மையில் பட்டம் முடித்த இருவரிடமாவது, வழிகாட்டி உடனில்லாத நேரத்தில், எத்தனை ஆண்டுகள் ஆயின, இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் மகளே நேரில் கேட்டு வரட்டும். சேர்வதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.