இடுகாட்டு வனத்தில் ஒரு ஹாலோவீன் மாலை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பதினெட்டு ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறோம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் விக்டோரியா காலத்து இடுகாடு ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே யாரையும் புதைப்பதில்லை. மரங்கள் அடர்ந்து காடாகிவிட்ட அந்த இடம் இயற்கைக் காப்பகமாகத் தன்னார்வலர்களின் பராமரிப்பில் உள்ளது. பதினாறு வயதான என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று பாதைகளைச் சீர்செய்ய உதவுகிறாள். இந்த அக்டோபர் 31 அன்று நிதி திரட்டுவதற்காக அங்கே ஹாலோவீன் மாலை நடத்தப் போகிறார்கள். மகளும் வழியில் விளக்குப் பிடித்து நிற்க வேண்டுமாம். "விளக்கு வைத்த பிறகு பெண்பிள்ளையை இடுகாட்டுக்கு அனுப்புவதா?" என்று என் மாமியார் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பேய் பயம் கிடையாது. ஆனால் இறந்தவர்கள் உறங்கும் இடத்தில் முகமூடி போட்டுக் கூச்சலிடுவதும், அதற்குக் கட்டணம் வசூலிப்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதையா என்று மனம் உறுத்துகிறது. லண்டனின் பழைய இடுகாடுகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன். மகளை அனுப்பலாமா?

எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

அனுப்புங்கள். உங்கள் மன உறுத்தலையும் அவளிடம் சொல்லியே அனுப்புங்கள். அந்த மாலையை நடத்துபவர்களுக்கும் அது இருக்க வேண்டும்.

அந்த இடம் எப்படிக் காடானது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணத்தின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை அரை நூற்றாண்டுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. தேவாலய முற்றங்களில் அடுக்கடுக்காகப் புதைத்தும் இடம் போதாமல் போனபோது, தனியார் நிறுவனங்கள் பங்குதாரர்களின் முதலீட்டைக் கொண்டு நகரின் அன்றைய விளிம்பில் பெரிய இடுகாடுகளைத் திறந்தன. 1833இல் கென்சல் கிரீன், 1839இல் ஹைகேட், 1840இல் நன்ஹெட், 1841இல் டவர் ஹாம்லெட்ஸ் உட்பட அவை மொத்தம் ஏழு. கல்லறைக்கான நிலத்தை விற்பதுதான் அவற்றின் வருமானம் என்பதால், நிலம் தீர்ந்ததும் வருமானமும் தீர்ந்தது; புல் வெட்டவும் காவல் காக்கவும் ஆள் வைக்க வழியில்லாமல் போனது. மனிதர்கள் கைவிட்ட இடத்தை சிக்கமோரும் ஆஷ் மரமும் ஐவிக் கொடியும் எடுத்துக்கொண்டன. நன்ஹெட் 52 ஏக்கர் நிலம். 1969இல் அதன் கதவைப் பூட்டினார்கள். 1975இல் உள்ளூர் நகரசபை அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. தென்லண்டனில் 52 ஏக்கர் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது என்றால், அதைப் பராமரிக்கும் செலவை நினைத்து எல்லோரும் எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்று பாருங்கள். அந்தச் சுமைக்குத் தோள் கொடுக்க 1981இல் நன்ஹெட் நண்பர்கள் என்ற குழு உருவானது. டவர் ஹாம்லெட்ஸுக்கு 1990இல் அத்தகைய குழு வந்தது. அவர்களைப் போன்ற தன்னார்வலர்கள் இல்லாமல் இந்த இடங்களை இன்றைய நிலையில் நாம் பார்த்திருக்க மாட்டோம்.

உங்கள் கவலைக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1970இல் ஹைகேட் இடுகாட்டில் ரத்தக்காட்டேரி உலவுவதாகப் பேச்சுக் கிளம்பியது. நாளிதழ்கள் எழுதின, தொலைக்காட்சி காட்டியது. மார்ச் 13, வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் கூட்டமாக ஆட்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போனார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே கல்லறைகள் உடைக்கப்பட்டன, பிணப்பேழைகள் திறக்கப்பட்டன. இறந்தவர்களின் குடும்பத்தார் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தது. 1975இல் ஹைகேட் நண்பர்கள் குழுவினர் பொறுப்பேற்க முன்வந்தபோது அவர்கள் முன்னால் இருந்தது அந்த அலங்கோலம். பயத்தை விற்றால் எந்த மாதிரிக் கூட்டம் வரும் என்பதற்கு ஹைகேட்டைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆகவே அந்த மாலையில் என்ன சொல்லப்போகிறார்கள், யாரைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள் என்பதை மகளிடம் கேளுங்கள்.

ஹாலோவீனை முகமூடியும் மிட்டாயுமாகவே நாம் அறிந்திருக்கிறோம். நவம்பர் 1 புனிதர்கள் அனைவருக்குமான நாள். நவம்பர் 2 இறந்த எல்லா ஆன்மாக்களுக்கும் உரிய நாள். அந்த நாட்களுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். இடைக்கால இங்கிலாந்தில் இந்த நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களுக்குச் சிறு அப்பங்களைக் கொடுப்பார்கள். அந்த அப்பத்துக்குப் பெயரே ஆன்ம அப்பம். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றிக் கொண்டாடும் கல்லறைத் திருநாள் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இறந்தவர்களின் பெயரால் வாங்குவதும் கொடுப்பதும் இந்தப் பண்டிகையின் வேரிலேயே இருக்கிறது. 1950இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சிறுவர்கள் சிலர் ஹாலோவீன் இரவில் மிட்டாய்க்குப் பதிலாகச் சில்லறை கேட்டு யுனிசெஃப் அமைப்புக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பின்னர் நாடெங்கும் பரவியது. நிதி திரட்ட இந்த நாளைத் தேர்ந்ததில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் கடைசியில் அப்படி ஒரு வனத்தில், அப்படி ஒரு மாலையில் நானும் நடந்திருக்கிறேன். எங்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. முகமூடி இல்லை, கறுப்பு மழைக்கோட்டு, கையில் ஒரு விளக்கு. பகலில் நான் பார்த்திருந்த ஒரு கல்லின் முன் நின்றார். எழுத்தெல்லாம் மழையில் கரைந்து வெறும் பலகையாகிவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்த கல் அது. அவர் குனிந்து, விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், விளிம்போடு ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் சாய்வாகப் படர்ந்ததும் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் இறங்கியது. ஒரு பெயர் எழுந்து வந்தது. அதன் கீழே இன்னும் மூன்று. கடைசியில் 'வயது 7 மாதம்' என்ற வரி. கூட்டத்தில் இருந்த குழந்தைகள்கூடப் பேசவில்லை. உச்சிவெயிலில் அந்தப் பெயர்களைப் படிக்க முடியாது. இருட்டும், தாழ்த்திப் பிடித்த ஒரு விளக்கும் வேண்டியிருக்கிறது. உங்கள் மகளை விளக்குப் பிடிக்கச் சொன்னார்கள் என்று படித்ததும் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது.

கல்கூட இல்லாதவர்கள்தான் இத்தகைய இடுகாடுகளில் அதிகம். டவர் ஹாம்லெட்ஸில் 1841 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,50,000 பேர் புதைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் கிழக்கு லண்டன் ஏழைகள். தனிக் கல்லறை வாங்கப் பணமில்லாததால், ஒருவருக்கொருவர் உறவில்லாத பலர் ஒரே ஆழமான பொதுக் குழியில் கிடத்தப்பட்டார்கள். அவர்களைப் போன்ற ஒருவரின் தொழிலையோ நோயையோ தெருவையோ பதிவேட்டிலிருந்து எடுத்து அந்த மாலையில் சத்தமாகச் சொல்வார்களானால், நீங்கள் கேட்ட மரியாதை அதுதான்.

கட்டணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய அறக்கட்டளைகள் தரும் மானியம் பொதுவாக ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே வரும். தேவாலயக் கூரைக்கு வந்த பணத்தில் கையுறை வாங்க முடியாது. ரம்பத்துக்குப் புது அலகு, பொதுமக்களுக்கு விபத்து நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு, சாய்ந்து நிற்கும் கல்லைச் சோதித்துப் பார்க்கும் ஆளுக்குக் கூலி என்று ஆண்டு முழுவதும் சில்லறையாக வரும் செலவுகளுக்கு இந்த மாதிரி மாலையில் சேரும் பணம்தான் கைகொடுக்கிறது. டிக்கெட்டுக்கு மேல் உண்டியலில் ஏதாவது போடுவதானால், நீங்கள் வருமான வரி செலுத்துபவர் என்று படிவத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். பதிவுபெற்ற அறநிறுவனமாக இருந்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து அவர்களுக்கு 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும்.

இறந்தவர்களோடு அங்கே உயிருள்ளவையும் குடியிருக்கின்றன. இந்த விஷயத்தில் உங்கள் மகள் கொஞ்சம் கறாராகவே இருக்கலாம். அக்டோபர் கடைசி என்பது வௌவால்கள் குளிர்கால உறக்கத்துக்கு முன் கடைசியாக வயிற்றை நிரப்பிக்கொள்ளும் நேரம். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அவை தங்கும் இடத்தைக் கலைப்பது குற்றம். ஆகவே விளக்குகள் தரையை நோக்கியே இருக்க வேண்டும். பழைய மரப்பொந்துகளின் மேலும் கல்லறை மண்டபங்களின் மேலும் வெளிச்சம் அடிக்கக் கூடாது. கடைகளில் விற்கும் செயற்கைச் சிலந்திவலையைக் கிளைகளில் கட்டினால் பறவைகள் சிக்கிக்கொள்ளும். அதை யாராவது கொண்டுவந்தால் பையிலேயே வைக்கச் சொல்லட்டும். முகம் செதுக்கிய பூசணிக்காயை விலங்குகள் தின்னட்டும் என்று காட்டில் விட்டுவிட்டு வருவதும் நல்லதல்ல. முள்ளெலிகள் அதைத் தின்றால் வயிறு கெட்டு, குளிர்காலத்துக்குச் சேர்த்த எடையை இழந்துவிடும். பாதையை விட்டு இறங்கி இலைக்குவியலை மிதிப்பவர்களை அவள் தைரியமாகத் தடுக்கலாம், ஏனென்றால் முள்ளெலி தூங்குவது அந்தக் குவியலில்தான்.

மாமியாரின் அச்சத்தை வாதம் செய்து போக்க முயலாதீர்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு, அக்டோபர் 31இல் லண்டனில் நாலரை மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடுகிறது. விளக்கு வைக்கும் நேரம் என்று அவர் சொல்வது அங்கே பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம்தான். பேத்தி தன் கையால் செடி கொடிகளை ஒதுக்கிவிட்ட ஒரு கல்லை அவருக்குக் காட்டட்டும்; அதில் எழுதியிருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லட்டும். அங்கே இரண்டு பூ வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், உறையையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.