வீட்டிலுள்ள பழைய வீடியோ, ஆடியோ கேசட்டுகளை நானே கணினியில் ஏற்ற என்ன கருவி, மென்பொருள் வேண்டும்?

மென்பொருளுக்குக் காசே செலவழிக்க வேண்டாம், தேவையானதெல்லாம் இலவசம். காசை வீடியோ கேசட்டை ஓட்டும் நல்ல விசிஆர் ஒன்றைத் தேடிப் பிடிப்பதில் போடுங்கள். புதிது கிடைக்காது, கடைசிவரை தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனக்குக் கிடைத்தது சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்தது. அதற்கு பெல்ட் மாற்ற ஒரு மெக்கானிக்கைத் தேடி அலைந்ததுதான் இதில் பெரிய வேலை.

அம்மா அப்பா கல்யாணக் கேசட்டை முதலில் ஒரு ஸ்டுடியோவில்தான் கொடுத்தேன். டிவிடியில் எல்லாரும் அகலவாட்டில் இழுபட்டுக் குண்டாக இருந்தார்கள். போதாக்குறைக்கு நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். அதன்பிறகுதான் நானே இறங்கினேன்.

கேசட்டின் மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் செருகவே செருகாதீர்கள். நாடாவைப் படிக்கும் விசிஆரின் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒருபக்கம் விசிஆரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களையும் மறுபக்கம் கணினியின் யுஎஸ்பியையும் இணைக்கும் கேப்சர் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். யூவிசி (UVC, செருகியதும் கணினி தானாகவே அடையாளம் காணும் வகை) தானா என்று கேட்டு வாங்கினால் டிரைவர் தேடும் தலைவலி இல்லை. பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ (OBS Studio) என்ற மென்பொருள். நம் ஊர்க் கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிவானவை என்பதால் 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம் என்று வையுங்கள். பார்க்கும்போது படத்தின் வடிவம் 4:3 ஆக இருக்க வேண்டும். டிவி முழுக்க நிரப்புகிறேன் என்று இழுத்தால் ஸ்டுடியோக்காரர் கதைதான். ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். அதை நீக்க ஓபிஎஸ்ஸில் டிஇன்டர்லேசிங் (Deinterlacing) என்ற அமைப்பில் யாடிஃப் (Yadif) தேர்ந்தெடுங்கள். கோப்பு வகை எம்கேவி. சாதாரண எம்பி4-இல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மொத்தமும் திறக்காமல் போகலாம். எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். கோப்பைச் சின்னதாக்குவதைப் பிறகு ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் செய்துகொள்ளலாம்.

மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "இது குளத்தூர் மதினி, அவ இடுப்புல இருக்கது நம்ம பெரியவன்" என்று அவரே ஆரம்பித்துவிட்டார். பந்தியில் யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்பது வரை வந்தது! உடனே ஒரு மைக்கைச் செருகினேன். ஓபிஎஸ்ஸில் ஒலியைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரிக்கலாம்: கேசட் சத்தம் முதல் டிராக்கில், அம்மா பேச்சு இரண்டாவதில். பிறகு விஎல்சி (VLC) பிளேயரில் எது வேண்டுமோ அதைக் கேட்கலாம். ஊர்ப் பெரியவர்களை அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

ஆடியோ கேசட்டுக்கு ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். டேப் ரெக்கார்டர் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் பெரும்பாலும் மோனோவாகத்தான் (இடம், வலம் பிரியாமல்) ஏறும். லைன் இன் (Line In) என்ற துளை உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். பேச்சில்லாத சில நொடிகளை மாதிரியாகக் காட்டினால் ஆடாசிட்டியே இரைச்சலைக் குறைத்துத் தரும். கொஞ்சமாகக் குறையுங்கள், அதிகம் போனால் தாத்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். மூலப் பதிவை வேவ் (WAV) கோப்பாக அப்படியே வைத்திருங்கள், மணிக்கு 635 எம்பிதான்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்கள் முன்னால் வரட்டும், தானாகவே அடுக்கிக்கொள்ளும். பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் (Jellyfin) என்ற மென்பொருளைப் போட்டு வைத்தால் வீட்டு டிவியிலேயே பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். எங்களுடைய இரண்டாவது டிஸ்க், அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும்.