வேதியியலா, வரலாறா என்று அவளைக் கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா, அம்மா, பள்ளிப் படிப்பை முடித்த மகள், கூடவே அவளுடைய சித்தப்பா. மகளிடம் நான் கேட்ட முதல் மூன்று கேள்விகளுக்கும் சித்தப்பாதான் பதில் சொன்னார். வேதியியலில் நல்ல மதிப்பெண், கணக்கும் வரும், ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ். பெரிய பெயருள்ள கல்லூரியில் பணம் கட்டினால் இடம் கிடைக்கும். பணத்துக்கு வீட்டை அடமானம் வைத்துக்கொள்ளலாம். இடையில் நிற்பது ஒன்றே ஒன்று: பெண் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள், அதுவும் பழைய கையெழுத்துப் பிரதிகளில். கிளம்பும்போது அம்மா மட்டும் பின்தங்கி நின்று, "ஆராய்ச்சின்னு போனா இவ எப்ப சார் சம்பாதிக்கிறது?" என்று கேட்டார். அன்று சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. அவருக்குத்தான் இதை எழுதுகிறேன். அதே கவலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் இது பொருந்தும்.

அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆராய்ச்சி நீண்ட பாதை. பட்டம், மேல்பட்டம், அதற்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கே நாலைந்து ஆண்டுகள். ஆனால் அந்தப் பயத்துக்கு உங்கள் கொழுந்தனார் சொல்லும் மருந்து நோயைவிடக் கொடியது. படிக்கப் போகிறவளுக்கே மனமில்லாத ஒரு படிப்புக்காகக் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்க வேண்டாம். இதில் நான் இறங்கிவரப் போவதில்லை. அடமானக் கடன் படிப்பு முடிந்ததும் தீர்ந்துபோகாது. எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது, மேலே படிப்பதா வேண்டாமா என்று அவளுடைய ஒவ்வொரு முடிவிலும் அந்தத் தவணை வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்லூரியின் பெயரைக் கேட்டு வியக்கும் உறவினர் யாரும் அந்தத் தவணையைக் கட்ட வரமாட்டார்கள்.

மருத்துவம், பொறியியல், கணக்குத் தணிக்கை பற்றி நான் சொல்லப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. உங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லாத துறை ஒன்று இருக்கிறது. மரபுப்பொருள் அறிவியல் என்கிறார்கள், தொல்பொருள் அறிவியல் என்றும் பாதுகாப்பு அறிவியல் என்றும் சொல்வதுண்டு. பழம்பொருளை அறிவியல் கருவியால் ஆராய்வதும், அது அழியாமல் காப்பதும் இதன் வேலை.

உங்கள் மகள் தன் நோட்டில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள்: பழைய கடிதங்களில் எழுத்து இருந்த இடம் மட்டும் ஏன் ஓட்டையாகிறது? ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புழங்கிய மையை மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) சேர்த்துத்தான் செய்தார்கள். இரண்டும் கலந்து கறுக்கும்போது கந்தக அமிலமும் உருவாகிறது. அமிலம் காகித நாரை அறுக்கிறது. மையில் மிஞ்சிய இரும்பு அயனிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மீதியை அரிக்கின்றன. எழுதியவரின் கை அழுத்திய இடத்தில் மை அதிகம், சேதமும் அங்கேதான் அதிகம். இதற்கு மருந்து கண்டதும் வேதியியல்தான். தானியங்களிலும் விதைகளிலும் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போடும், கால்சியம் பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும். 1990களில் நெதர்லாந்தில் உருவான முறை இது. கந்தக அமிலமும் இரும்பு அயனியும் பாடப்புத்தகத்தில் அவள் ஏற்கெனவே படித்தவைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கே மிகவும் பிடித்தது. 13ஆம் நூற்றாண்டில் கையடக்கப் பைபிள்கள் மிக மெல்லிய தோல் தாள்களில் எழுதப்பட்டன. அவ்வளவு மெல்லிய தோல் எந்த விலங்கினுடையது, பிறக்காத கன்றா, முயலா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். துண்டு வெட்டிச் சோதிக்க எந்த நூலகம் சம்மதிக்கும்? இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு ஒரு சாதாரண அழிப்பானை எடுத்தது. தோல் தாளைச் சுத்தம் செய்ய நூலகங்களில் வழக்கமாகப் பயன்படுவதுதான். அதைத் தேய்த்தால் உதிரும் தூளில் தோலின் புரதம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தத் தூளை, புரதத் துண்டுகளின் நிறையை அளந்து காட்டும் நிறை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தார்கள். கன்று, வெள்ளாடு, செம்மறி ஆடு என்று தெரிந்தது. அரிய விலங்கு எதுவுமில்லை, தாள் மெலிந்தது தோல் பதனிட்டவரின் கைத்திறனால். 2015இல் முடிவு வெளியானது. வேதியியல், உயிரியல், வரலாறு, நூலகப் பணி நான்கில் எது விடுபட்டிருந்தாலும் இந்த விடை கிடைத்திராது.

இது புதிதாகத் தோன்றிய மோகமும் அல்ல. பெர்லின் அருங்காட்சியகங்கள் 1888லேயே வேதியியல் கூடம் வைத்தன. முதல் உலகப் போரின்போது லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் ஒளித்துவைத்த பொருள்கள் துருவும் பூஞ்சையுமாகத் திரும்பியபோது, 1920இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் ஆய்வுக்கூடம் தொடங்கியது. மர வளையங்களை எண்ணி வீடுகளின் வயது சொல்லும் முறையைத் தந்த ஏ.ஈ. டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடித்தான் அவர் மரத்தடிகளை ஆராயத் தொடங்கினார். 1929இல் கிடைத்த ஓர் எரிந்த உத்தரம், அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் துல்லியமான ஆண்டு குறித்துத் தந்தது.

கம்ப்யூட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்கிறார் உங்கள் கொழுந்தனார். சரிதான். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கரியாக்கிய சுருள்கள் இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் கிடைத்தன. பிரித்தால் நொறுங்கும். 2023இல், ஒரு சுருளைப் பிரிக்காமலே, ஸ்கேன் படங்களிலிருந்து 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் நிரல் எழுதிக் கண்டெடுத்தார். உங்கள் மகளும் நிரல் எழுதக் கற்கட்டும், வேதியியல் படித்துக்கொண்டே.

இளநிலையிலேயே இந்தத் துறையின் பெயரைத் தாங்கிய படிப்பைத் தேட வேண்டாம். முதலில் வேதியியல், நல்ல ஆய்வுக்கூடம் உள்ள, கட்டணம் குறைந்த கல்லூரியில். கூடவே ஒரு பழைய எழுத்து முறையை வாசிக்கப் பழகட்டும். மேல்பட்டத்தில் துறைக்குள் நுழையலாம். அருங்காட்சியகக் கூடங்களில் பணியிடங்கள் குறைவு, பல ஒப்பந்த வேலைகள்; இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே அவள் பழகும், லேசர் ஒளி பாய்ச்சிப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலைமானியும் நிறை நிறமாலைமானியும் மருந்துத் தரச் சோதனையிலும் உணவுக் கலப்படச் சோதனையிலும் தடயவியலிலும் இருக்கின்றன. அருங்காட்சியகம் கதவைத் திறக்காவிட்டாலும் அவள் கைத்தொழில் அவளோடு இருக்கும்.

பணத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்குக் கடன் வாங்கவே கூடாது. முழுநேர ஆய்வுக்கு உதவித்தொகை கிடைத்தால் சேரட்டும். கிடைக்காவிட்டால் வேலை பார்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கட்டும். சேருமுன், ஆய்வுக்கு வழிகாட்டப் போகும் கைடிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவளே விசாரிக்க வேண்டும். பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் ஆய்விதழ்களுக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு காசுகூடப் போகக் கூடாது.

பழம்பொருள் மீது ஆசை இருந்தால் மட்டும் போதுமா என்று நானும் அவளிடம் சந்தேகத்தோடுதான் கேட்டேன். பதிலுக்கு அந்த நோட்டைத்தான் நீட்டினாள். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்து, தேயிலைச் சாறு கலந்து தானே மை செய்திருக்கிறாள். எழுதிய தாள்களில் பாதியை ஜன்னலோரம், பாதியை அலமாரிக்குள். வாரம் ஒருமுறை, தேதி போட்டு, 11 மாதங்கள் நிறம் குறித்திருக்கிறாள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனதையும் மறைக்காமல் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள். உங்கள் கொழுந்தனார் இதை விளையாட்டு என்றார். பட்டம் வாங்கியவர்களிலேயே இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே வங்கிப் படிவத்தை நிரப்பாமலே வையுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அவளிடம் கொடுங்கள். விருப்பப் பாடம் என்ற கட்டத்தை அவளைத் தவிர வேறு யாரும் நிரப்ப வேண்டாம், நீங்கள் உட்பட.